நீடிய பொறுமை: வட ஆற்காட்டுத் தொழுநோய்ப் பணியின் வரலாறு

தொழுநோய் மிக மெதுவாக நடக்கும் நோய். அதை உண்டாக்கும் நுண்ணுயிர் ஒன்று இரண்டாகப் பெருகவே ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகிறது. தொற்று ஏறிய உடலில் முதல் தேமல் தெரியச் சராசரியாக 5 ஆண்டுகள் ஆகும். சிலருக்கு 20 ஆண்டுகள்கூட ஆவதுண்டு. மருந்தால் நோய் தீர்ந்தாலும், மரத்துப்போன கைகால்களைக் காக்கும் வேலை ஆயுள் முழுவதும் தொடரும். வேலூர், இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு எனத் தோல் தொழிலால் பேர்பெற்ற ஊர்களைக் கொண்ட பழைய வட ஆற்காடு மாவட்டம், 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் உலகிலேயே இந்நோய் மிகுந்த பகுதிகளில் ஒன்றாக இருந்தது. அங்கே மருத்துவப் பணி செய்த கிறிஸ்தவர்களும் அவர்களிடம் வந்த நோயாளர்களும், பொறுமை என்ற பழைய அறத்தை அன்றாட வேலையாகச் செய்து பழக வேண்டியதாயிற்று.

சொல்லும் அதன் பழைய பொருளும்

தமிழ் வேதாகமத்தில் ஆவியின் கனிகளாகப் பவுல் அடுக்கும் குணங்களுள் ஒன்று ‘நீடிய பொறுமை’. தமிழ்த் திருச்சபைகளில் ஜெபத்திலும் பிரசங்கத்திலும் அடிக்கடி கேட்கும் சொல் இது. வள்ளுவர் ‘பொறையுடைமை’ என்று ஓர் அதிகாரமே வகுத்த மொழியில் பொறுமை புதிய அறமன்று. ஆனால் அந்த அதிகாரம் பிறர் செய்யும் தீங்கைப் பொறுத்துக்கொள்வதைப் பற்றிப் பேசுகிறது. கிறிஸ்தவ வழக்கு அதோடு இன்னொன்றையும் சேர்த்தது: வாழ்க்கையில் நேரும் சோதனைகள் ஒருவரின் விசுவாசத்தைப் புடமிட்டுப் பொறுமையை விளைவிக்கும் என்ற யாக்கோபு நிருபத்தின் போதனை. உடலெங்கும் பருக்களோடு சாம்பலில் உட்கார்ந்திருந்த யோபு அதற்கு எடுத்துக்காட்டானார்.

தொழுநோயாளரை நோக்கிச் சொல்லப்பட்டபோது இந்தப் போதனைக்குக் குறுகலான பொருளே இருந்தது. லேவியராகமம் நோய்ப்பட்டவரைப் பாளயத்துக்கு வெளியே வைக்கச் சொல்கிறது. பழைய மொழிபெயர்ப்புகளின் ‘குஷ்டரோகி’ என்ற சொல்லில் தீட்டின் நிழலும் பாவத்தின் நிழலும் படிந்திருந்தன. ஊர் வழக்கோ ‘பெருநோய்’ என்று சொல்லி ஒதுக்கியது. 1898இல் பிரிட்டிஷ் இந்திய அரசு இயற்றிய தொழுநோயாளர் சட்டம், பிச்சையெடுத்துத் திரியும் ஏழை நோயாளர்களைப் பிடித்துக் காப்பகத்தில் அடைக்க வழி செய்தது. மிஷன்கள் நடத்திய காப்பகங்களில் உணவும் உடையும் அன்பும் கிடைத்தன. உறுதியான மருந்து மட்டும் இல்லை. அங்கே பொறுமை என்றால் சாவு வரும்வரை சகித்துக் காத்திருப்பது என்றே ஆயிற்று.

தோல் நாட்டில் மிஷன்கள்

அமெரிக்க ஆற்காடு மிஷன் 1853இல் தொடங்கியது. அமெரிக்கச் சீர்திருத்தச் சபையைச் சேர்ந்த ஸ்கடர் குடும்பத்துச் சகோதரர்கள் அதன் முன்னோடிகள். 1866இல் சைலஸ் ஸ்கடர் இராணிப்பேட்டையில் மருத்துவமனை தொடங்கினார். அதே ஊரில் 1870இல் பிறந்த ஐடா ஸ்கடர் 1900இல் வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய மருத்துவப் பணி, 1902இல் மேரி டேபர் ஷெல் மருத்துவமனையாகவும், 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியாகவும், பின்னர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியாகவும் வளர்ந்தது. தோல் வட்டாரத்தின் மறுமுனையான ஆம்பூரில் மிசௌரி லுத்தரன் மிஷன் ஊன்றியது. அங்கு பெதஸ்தா மருத்துவமனை 1920களில் உருவாயிற்று.

இந்தச் சபைகளில் சேர்ந்தவர்களில் பலர் ஒடுக்கப்பட்ட சாதியினர். செத்த மாட்டை அகற்றுவதும் தோலுரிப்பதும் அவர்கள்மேல் சுமத்தப்பட்ட வேலைகள். ஊருக்கு வெளியே நிறுத்தப்படுவது இன்னதென்று அவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அவர்களில் ஒருவருக்குத் தொழுநோயும் வந்துவிட்டால் சேரியும் அவரைத் தள்ளிவைத்தது.

வேலூரிலிருந்து குடியாத்தம் செல்லும் சாலையில் ஐடா ஸ்கடர் நடத்திய சாலையோர மருத்துவம் இப்பணிக்கு ஒரு வழக்கத்தை ஏற்படுத்திக் கொடுத்தது. வாரத்தில் ஒரு குறிப்பிட்ட நாளில் வண்டி கிளம்பும். குறித்த மரத்தடிகளில் நிற்கும். காத்திருப்பவர்களுக்கு அங்கேயே மருந்தும் கட்டும் கிடைக்கும். மருத்துவமனைப் படியேற முடியாத தொழுநோயாளர்கள் மரத்தடிக்கு வர முடிந்தது. அடுத்த வாரமும் வண்டி வரும் என்ற நம்பிக்கை இல்லாவிட்டால் அவர்கள் வந்திருக்க மாட்டார்கள். எனவே நாள் தவறாமல் போவதே இந்த மருத்துவத்தில் பாதி வேலையாயிற்று.

ஊசியிலிருந்து மாத்திரைக்கு

1940கள்வரை தொழுநோய்க்கென்று இருந்த சிகிச்சை சால்மூக்ரா எண்ணெய் ஊசி. ஊசி வலிக்கும், ஆண்டுக்கணக்கில் போட வேண்டும், பலன் நிச்சயமில்லை. 1941இல் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனையில் சல்போன் வகை மருந்து பலன் தருவது தெரிந்தது. செங்கல்பட்டுக்கு அருகே திருமணியில் இருந்த லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனையில் இராபர்ட் காக்ரேன் இம்மருந்துகளைப் பயன்படுத்தினார். விலை மலிவான டாப்சோன் மாத்திரை பரவியபின் சிகிச்சை கிராமங்களுக்கும் எட்டியது.

மாத்திரை கிருமியை அடக்கியது. ஆனால் விரைவாக அடக்கவில்லை. தேமல் மங்க மாதங்கள் ஆயின. கிருமி மிகுந்த வகை நோய் உள்ளவர்கள் பல ஆண்டுகள், சிலர் ஆயுள் முழுவதும், மருந்து உட்கொள்ள வேண்டியிருந்தது. இடையில் நரம்புகள் திடீரென வீங்கி வலிப்பதும் உண்டு. ‘மருந்து சாப்பிட்டும் கை மடங்கிப் போகிறதே’ என்று கேட்பவருக்கு, கிருமி செத்தாலும் கெட்ட நரம்பு திரும்பாது என்பதை விளக்க வேண்டியிருந்தது. அடுத்த கட்டப் பணி தொடங்கியது இந்த இடத்தில்தான்.

மடங்கிய கையை நிமிர்த்துதல்

பால் பிராண்ட் 1914இல் கொல்லிமலையில் பிறந்தவர். பெற்றோர் ஜெஸ்ஸி, எவலின் பிராண்ட் அங்கே ஊழியம் செய்த பாப்டிஸ்ட் மிஷனரிகள். இங்கிலாந்தில் முதலில் தச்சும் கொத்தும் உட்படக் கட்டட வேலை பயின்றபின்தான் அவர் மருத்துவம் படித்தார். 1946இல் அறுவை மருத்துவராக வேலூர் வந்தார். அடுத்த ஆண்டு காக்ரேனின் அழைப்பில் செங்கல்பட்டு சென்றபோது, விரல்கள் நகம்போல் வளைந்த ஒரு நோயாளியின் கையைப் பிடித்துப் பார்த்தார். அந்த விரல்கள் அவர் கையை வலிக்க வலிக்க இறுக்கின. முன்கைத் தசைகள் வலிமையோடு இருக்க, உள்ளங்கையின் சிறு தசைகள் மட்டுமே செயலிழந்திருக்கின்றன என்பது அப்போது அவருக்குப் புரிந்தது. வேலை செய்யும் தசை ஒன்றின் நாணை எடுத்து, செயலிழந்த தசையின் வேலைக்குத் திருப்பிவிட்டால் விரல் நிமிரும் என்பது அதிலிருந்து பிறந்த சிந்தனை. போலியோவிலும் கைக்காயங்களிலும் ஏற்கெனவே தெரிந்த இந்த அறுவை முறை, வேலூரில் தொழுநோய்க்கென்று விரிவாக வளர்த்தெடுக்கப்பட்டது.

அறுவை சில மணி நேரத்தில் முடிந்துவிடும். அதற்கு முன்னும் பின்னும் உள்ள வேலைதான் நீளமானது. இறுகிப்போன மூட்டுகளை எண்ணெய் தடவி நீவியும் மெழுகு ஒத்தடம் கொடுத்தும் முதலில் இளக்க வேண்டும். அறுவைக்குப்பின் ஏறத்தாழ மூன்று வாரம் கை மாவுக் கட்டில் இருக்கும். கட்டைப் பிரித்தபின் நோயாளி தன் கையைப் புதிதாகக் கற்க வேண்டும். ஒரு வேலைக்கென்று பழகிய தசை இப்போது வேறு வேலை செய்கிறது. மூளைக்கு அது தெரியாது. நோயாளி ஓர் அசைவை நினைப்பார், இன்னோர் அசைவு நடக்கும். உணர்ச்சியும் இல்லாததால் விரல் நகர்ந்ததா என்பதைக் கண்ணால் பார்த்தே அறிய வேண்டும். இயன்முறைப் பயிற்சியாளர் பக்கத்தில் அமர்ந்து, நாள்தோறும், வாரக்கணக்கில், ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்ய வைப்பார். சோற்றைப் பிசைந்து வாய்க்குக் கொண்டுபோக முடிந்த நாள் அங்கே பெரிய நாள்.

கண்ணுக்கும் இதே கதைதான். முக நரம்பு கெட்டால் இமை மூடாது. விழி காய்ந்து புண்ணாகிப் பார்வை போகும். பால் பிராண்டின் மனைவி மார்கரெட் பிராண்ட் தொழுநோயாளர்களின் கண் சிகிச்சையில் ஈடுபட்டார். பல்லைக் கடிக்க உதவும் தசையின் ஒரு பகுதியை இமையோடு இணைக்கும் அறுவைக்குப்பின், நோயாளி தாடையை இறுக்கினால் கண் மூடும். தானாக நடந்த இமைப்பு இனி நினைத்து நினைத்துச் செய்யும் வேலை. சில நிமிடத்துக்கு ஒருமுறை பல்லைக் கடிக்க மறந்தால் கண் காயும்.

இந்தப் பணிக்கு மேரி வர்கீஸின் வாழ்வு தனித்த ஒளி தந்தது. வேலூரில் படித்து மருத்துவரான அவர் 1954இல் சாலை விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். கை அறுவை உட்கார்ந்து செய்யக்கூடியது என்பதால், சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளர்களின் கைகளுக்கு அவர் அறுவை செய்தார். பின் நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, வேலூரில் அத்துறைக்குத் தலைமை ஏற்றார். 1966இல் அங்கு மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. 1972இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

நவ ஜீவ நிலையம்

கை நிமிர்ந்தவர்களுக்கு எதிர்பாராத சோதனை ஒன்று காத்திருந்தது. மடங்கிய விரல்களைக் காட்டிப் பிச்சை கேட்டவர்களுக்கு நேரான கையால் பிச்சை குறைந்தது. அதே சமயம் யாரும் வேலை தரவில்லை. இதற்கு விடையாக, 1951இல் கல்லூரி வளாகத்தில் மண் குடிசைகளோடு நவ ஜீவ நிலையம் என்ற சிறு குடியிருப்பு எழுந்தது. அங்கே நோயாளர்கள் தச்சு வேலை பழகி மரப் பொம்மைகள் செய்தார்கள்.

அங்கு நடந்த உற்றுநோக்கல் மருத்துவ வரலாற்றில் முக்கியமானது. தொழுநோயால் விரல் தானாக அழுகி உதிரும் என்பதே அதுவரை பரவலான நம்பிக்கை. நிலையத்தில் ஒவ்வொருவர் விரலையும் அளந்து குறித்து, புதிய காயம் ஒவ்வொன்றுக்கும் காரணம் தேடினார்கள். சுத்தியலைத் தேவைக்கு மேல் இறுகப் பிடித்ததால் கொப்புளம், சூடான பாத்திரத்தால் தீப்புண், துருப்பிடித்த பூட்டைச் சாவியால் திருகியதில் எலும்பு தெரியும் வெட்டு என்று ஒவ்வொன்றுக்கும் காரணம் கிடைத்தது. இரவில் காணாமற்போன விரல் துண்டுகளுக்கு மட்டும் விடை தெரியவில்லை. விழித்திருந்து பார்த்தபோது, தூங்குபவரின் மரத்த விரலை எலி கடிப்பது தெரிந்தது. அதன்பின் நோயாளர்கள் வீடு திரும்பும்போது கூடவே ஒரு பூனையைக் கொண்டுபோவது வழக்கமாயிற்று.

இதிலிருந்து பெற்ற முடிவு எளியது. விரலைத் தின்பது நோயன்று, கவனிக்கப்படாத காயம். காயத்தைத் தடுத்தால் விரல் தங்கும். வலி என்ற காவல்காரன் இல்லாத உடலுக்கு அந்தக் காவலை நோயாளியே செய்ய வேண்டும். விதி என்று சகித்துக் கிடப்பதை இத்தனை காலம் பொறுமை என்று கேட்டவர்களுக்கு, நாள் தவறாமல் கவனிப்பதும் பொறுமைதான் என்று இந்த இடம் கற்றுக்கொடுத்தது.

பாதமும் செருப்பும்

கையைவிடப் பாதம் தொல்லை மிகுந்தது. உள்ளங்காலில் புண் வந்தவர் வலி தெரியாததால் அதன்மேலேயே நடப்பார். களிம்பு எத்தனை தடவினாலும் ஆறாத புண், நடக்காமல் இருந்தால் ஆறியது. நடக்காமல் இருக்கக் கூலிக்காரரால் முடியாது. இலங்கை அறுவை மருத்துவர் மில்ராய் பால் பாதப் புண்ணுக்கு மாவுக் கட்டுப் போட்டுக் குணப்படுத்தியிருந்தார். வேலூரிலும் அம்முறை கைக்கொள்ளப்பட்டது. பாதத்தை ஒட்டி அச்செடுத்ததுபோல் கட்டுப் போட்டால் உடல் எடை பாதம் முழுவதும் பரவும். சில வாரங்களில் புண் மூடும். பிற்காலத்தில் சர்க்கரை நோயாளர்களின் பாதப் புண்ணுக்கும் உலகெங்கும் இம்முறை பயன்பட்டது.

ஆறிய புண் மீண்டும் வராமலிருக்கச் செருப்பு வேண்டும். தோலுக்கும் செருப்புக்கும் பேர்போன வட்டாரத்தில் இந்தச் செருப்பு எளிதில் கிடைக்கவில்லை. வழக்கமான செருப்பில் அடிக்கும் ஆணி மேலே எழும்பினால் மரத்த காலைக் குத்திக் கிழித்துவிடும். கெட்டித் தோலடி அழுத்தத்தைக் குறைக்காது. பின்வார் இல்லாத செருப்பு கழன்று போனால்கூடப் போட்டவருக்குத் தெரியாது. மரத்தாலான அடி கொண்ட செருப்பு உட்படப் பலவற்றைச் சோதித்தபின், நுண்ணறை ரப்பரால் ஆன மெத்தென்ற உள்ளடியும், கெட்டியான வெளியடியும், ஆணியில்லாத ஒட்டும், பின்வாரும் கொண்ட செருப்பு உருவாயிற்று. இந்த ரப்பரின் ஆங்கிலப் பெயரை (மைக்ரோசெல்லுலர் ரப்பர்) சுருக்கி நோயாளர்கள் அதை ‘எம்.சி.ஆர். செருப்பு’ என்கிறார்கள். அந்தச் செருப்பே நோயைக் காட்டிக்கொடுக்கிறது என்று போட மறுத்தவர்களும் உண்டு. அதனால் பார்வைக்குச் சாதாரணச் செருப்புபோல் தெரியும் வடிவங்களைப் பின்னர் செய்ய வேண்டியிருந்தது.

பாதப் பராமரிப்பு நாள்தோறும் செய்வது. நரம்பு கெட்ட தோலில் வியர்வை சுரக்காது, காய்ந்து வெடிக்கும். எனவே பாதத்தைத் தண்ணீரில் சுமார் 20 நிமிடம் ஊற வைத்து, தடித்த தோலைத் தேய்த்தெடுத்து, ஈரம் காயுமுன் எண்ணெய் தடவ வேண்டும். பின் கண்ணால் பார்த்தோ கையால் தொட்டோ சூடு, சிவப்பு, வெடிப்பு இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். ஆம்பூர், வாணியம்பாடி டேனரித் தொழிலாளர்களுக்கு இந்த வரிசை அந்நியமாக இருந்திருக்காது. உப்பிட்ட பச்சைத் தோலைத் தண்ணீரில் ஊறவைத்து, சுண்ணாம்பில் போட்டு, முடியும் சதையும் நீக்கி, ஆவாரம்பட்டைச் சாற்றிலும் கடுக்காயிலும் வாரக்கணக்கில் பதப்படுத்தி, எண்ணெய் பூசி நிழலில் உலர்த்தும் பழைய முறை அவர்கள் கையறிந்தது. குரோம் முறை வந்தபின் தோல் பதனிடுவதில் நாட்கள் சுருங்கின. பாதப் பராமரிப்பில் அப்படிச் சுருக்க வழியில்லை.

கரிகிரி

தொழுநோய்க்கென்று தனி ஆராய்ச்சி, பயிற்சி மையம் 1955இல் வேலூருக்கு அருகே கரிகிரியில் திறக்கப்பட்டது. அமெரிக்கத் தொழுநோய் மிஷனின் தலைவராக இருந்த வில்லியம் ஷீபெலின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. தரப்பட்ட நிலம் மரமற்ற பாறைக் காடு. அறுவை மருத்துவரான எர்னஸ்ட் பிரிட்ஷி மழைநீரைத் தடுக்க வரப்புகள் கட்டி, ஆண்டுக்கணக்கில் மரக்கன்றுகள் நட்டு அதைச் சோலையாக்கினார். இன்று அந்த வளாகம் பறவைகளின் புகலிடம்.

கரிகிரியின் இன்னொரு வேலை மருத்துவமனைச் சுவருக்கு வெளியே நடந்தது. குடியாத்தம் வட்டாரத்தில் களப்பணியாளர்கள் மிதிவண்டியில் ஊர் ஊராகச் சென்று, வீடு வீடாகத் தேமல் பார்த்து, பெயர் எழுதி, மருந்து கொடுத்து, வராதவர்களைத் தேடிப் போனார்கள். கணக்கெடுத்தல், எடுத்துச் சொல்லல், மருந்து கொடுத்தல் என்ற இந்த வரிசையே 1955இல் தொடங்கிய தேசியத் தொழுநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் முறையும் ஆகும். சட்டையைக் கழற்ற மறுத்த வீட்டுக்கு மறுபடியும் போவதும், ‘எனக்கு அந்த நோய் இல்லை’ என்று கதவடைத்தவரிடம் கோபிக்காமல் பேசுவதும் அவர்களின் அன்றாடச் சோதனைகள். பால் பிராண்ட் 1966இல் கார்வில் சென்றபின்னும் இந்தக் களப்பணி தொடர்ந்தது.

குறைந்த நோயும் தொடரும் பராமரிப்பும்

டாப்சோனை எதிர்க்கும் கிருமிகள் தோன்றியதால், 1981இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வுக்குழு ரிபாம்பிசின், குளோபாசிமின், டாப்சோன் மூன்றையும் சேர்த்துக் கொடுக்கும் கூட்டு மருந்து முறையைப் பரிந்துரைத்தது. பல ஆண்டுச் சிகிச்சை முதலில் 2 ஆண்டுகளாகவும் பிறகு 12 மாதங்களாகவும், கிருமி குறைந்த வகைக்கு 6 மாதங்களாகவும் சுருங்கியது. வட ஆற்காட்டில் நோயாளர் எண்ணிக்கை வேகமாகக் குறைந்தது. தேசிய அளவில் நோய் 10,000 பேருக்கு ஒருவர் என்ற அளவுக்குக் கீழே 2005 இறுதியில் இறங்கியதாக இந்திய அரசு அறிவித்தது.

சொல்லும் சட்டமும் பின்தொடர்ந்து மாறின. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் ‘தொழுநோய்’ என்ற சொல் இடம்பெற்றது. 1898ஆம் ஆண்டுச் சட்டம் 2016இல் நீக்கப்பட்டது. தொழுநோயை மணமுறிவுக்குக் காரணமாகக் காட்டும் பிரிவுகளை 2019இல் நாடாளுமன்றம் தனிநபர் சட்டங்களிலிருந்து எடுத்தது. அதே ஆண்டு வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்து, இராணிப்பேட்டை தனி மாவட்டமாயிற்று. ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்தில் சேர்ந்தன.

மருந்து முடித்தும் உணர்ச்சி திரும்பாதவர்கள் மூன்று மாவட்டங்களிலும் இருக்கிறார்கள். மருத்துவக் கணக்கில் அவர்கள் குணமானவர்கள். ஆனாலும் நாள்தோறும் பாதத்தை ஊறவைத்து, எண்ணெய் தடவி, உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்த பிறகே அவர்கள் செருப்பை மாட்ட வேண்டும். மாட்டுமுன் அதைக் கவிழ்த்து, உள்ளே கல்லோ முள்ளோ இருக்கிறதா என்றும் தட்டிப் பார்க்க வேண்டும்.